நாலுன்னா, ஏன் ஒண்ணு இல்ல?

சுகர்காரர்களுக்கு விஷயம் தெரியவில்லை, அதனால்தான் கட்டுப்பாடு இல்லாமல் இருக்கிறார்கள் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு உடனே எரிச்சல் வந்துவிடும். எங்கள் விருதுநகர் பக்கம் எந்தத் திண்ணையில் வேண்டுமானாலும் போய் உட்காருங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக மெட்ஃபார்மின் மாத்திரை போடுகிற ஒருவர் உங்களுக்கு வகுப்பே எடுத்துவிடுவார். வெறும் வயிற்றில் எவ்வளவு இருக்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, மூணு மாதச் சராசரியைக் காட்டும் HbA1c என்கிற மூணு மாத சுகர் ஏழுக்குக் கீழே வர வேண்டும், கிழங்கு ஆகாது, கொய்யா பரவாயில்லை, மாம்பழம் ஒரு கீற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், சாயங்காலம் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும். எல்லாம் மனப்பாடம். சொல்லி முடித்துவிட்டு, பேச்சுவாக்கில் சாத்தூர்ச் சேவை ஒரு கைப்பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். இந்த மனிதருக்கு இன்னொரு துண்டுப் பிரசுரம் கொடுத்து என்ன ஆகப் போகிறது?

ஆனால் நாம் திரும்பத் திரும்பக் கொடுப்பது அதைத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கணக்கு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இந்த எண்களைப் பார்த்ததும் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது விழிப்புணர்வு தேவை என்பது. விழிப்போடு இருந்துகொண்டே செய்ய முடியாமல் இருக்கிற ஆட்களை என்ன செய்வது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. எனக்கு அந்தக் கேள்விதான் கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது, காரணம் என் அத்தை.

தகவலுக்கு அடுத்து நம்மிடம் இருக்கும் ஆயுதம் திட்டு. எங்கள் ஊரில் அக்கறை என்பது பாதிக்கு மேல் திட்டாகத்தான் வெளியே வரும். "தின்னுட்டு எங்களைத்தான் ஆஸ்பத்திரிக்கு அலைய விடப்போற" என்பது மகன் அம்மாவிடம் காட்டும் பாசம். டாக்டரும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் மாதிரிதான். "இப்படியே இருந்தீங்கன்னா விரலை எடுக்க வேண்டியதுதான்" என்பார், "அடுத்து ஊசிதான் பாத்துக்கோங்க" என்பார். இந்த ஊசி மிரட்டலில் ஒரு பெரிய கேடு இருக்கிறது. டைப் 2 சர்க்கரை நோயில் வருஷங்கள் போகப் போகக் கணையத்தின் சுரப்பு குறைந்துகொண்டே வரும், ஒழுங்காகப் பத்தியம் இருந்தவருக்குக்கூட ஒரு கட்டத்தில் இன்சுலின் தேவைப்படலாம். பத்து வருஷமாக எதைச் சொல்லி பயமுறுத்தினோமோ அதையே ஒருநாள் மருந்து என்று எடுத்து நீட்டினால், அவர் அதைத் தான் செய்த குற்றத்துக்கான தண்டனையாகத்தான் பார்ப்பார். வேண்டாம் என்பார். அப்புறம் அதற்கும் ஒரு திட்டு.

திட்டு வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாலு நாள் மட்டும் கடும் பத்தியம் இருப்பது ஊரறிந்த ரகசியம். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால் அந்த மூணு மாதப் பரிசோதனை இந்த நாலு நாள் நாடகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம். இதைவிடத் தேர்ந்த ஆயுதம் ஒன்று இருக்கிறது. "சரிங்க டாக்டர்." நம் ஊரில் பெரியவர்களையோ படித்தவர்களையோ எதிர்த்துப் பேச மாட்டோம், எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு வெளியே வந்து நம் இஷ்டத்துக்குச் செய்வோம். அறைக்குள் கேட்கும் ஒவ்வொரு சரியும் ஒரு மரியாதையான மறுப்பு. என் அத்தை இந்தக் கலையில் முனைவர் பட்டம் வாங்கியவள்.

அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது, மாமா இல்லை, மகனும் மருமகளும் இரண்டு பேரப் பிள்ளைகளும் ஒரே வீட்டில். அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது பல சமயம் என் வேலை, ஏனென்றால் மகனோடு போனால் ஆட்டோவிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். நாங்கள் போகிற சின்ன கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு சிஸ்டரைப் பார்க்கச் சொல்வார்கள். இளவயதுப் பெண், கவுன்சிலிங் பயிற்சி எடுத்தவர். டயட் சார்ட் கொடுத்து அனுப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

செருப்பு

"இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றுதான் அந்தப் பெண் ஆரம்பித்தார். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "நான் என்னத்தச் சொல்ல? நீதாம்மா படிச்சவ, நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றாள். இது அத்தையின் குணம் மட்டும் இல்லை. நம்மிடமே கேட்கிற வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது என்பது நம் ஆட்களின் பொதுவான தீர்ப்பு. பார்த்தவுடன் நாடி பிடித்துப் படபடவென்று சொல்கிறவர்தான் கைராசிக்காரர்.

சிஸ்டர் அதற்கு மறுப்பும் சொல்லவில்லை, பாடமும் எடுக்கவில்லை. "சரிம்மா, ஒரு சின்னக் கணக்கு கேக்குறேன். பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் வச்சுக்கோங்க. சுகரைக் குறைக்கணும்ங்கிறது உங்களுக்கு இப்ப எவ்வளவு முக்கியம்? பூஜ்யம்னா அந்த நினைப்பே இல்ல, பத்துன்னா வீட்டுல அதைவிடப் பெரிய காரியம் வேற கிடையாது."

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த பாதத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாலு" என்றாள், கொஞ்சம் வீம்பாகவே. இனி வரப்போகும் பிரசங்கம் எனக்குத் தெரியும். ஏன் நாலு, பத்து இல்ல இருக்கணும், உங்க பேரப் பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க, இத்யாதி. அத்தையும் அதை எதிர்பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சரி சொல்லத் தயாராகிவிட்டாள்.

"நாலா? ஏம்மா ஒண்ணுன்னு சொல்லல? நாலு சொல்ற அளவுக்கு மனசுல என்ன இருக்கு?"

அந்த அறையில் நடந்த ஒரே முக்கியமான விஷயம் இந்தக் கேள்விதான் என்பேன். ஏன் பத்து இல்லை என்று கேட்டிருந்தால் அத்தை அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்லியிருப்பாள், சமையல், வீடு, வயசு, எல்லாம் விதி. சொல்லச் சொல்ல அவளே அதை இன்னும் உறுதியாக நம்பியிருப்பாள். ஏன் ஒன்று இல்லை என்று கேட்டதும் வேறு வழியே இல்லாமல், தனக்கு ஏன் இது கொஞ்சமாவது முக்கியம் என்பதற்கு அவள் வாயாலேயே காரணம் தேட வேண்டியதாகிவிட்டது. ரொம்ப நேரம் பேசவில்லை. அந்தப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை, எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"போன ஆவணியில ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். வாசல்ல வந்து பாக்கேன், ஒத்தக் கால்ல செருப்பக் காணோம். எங்க கழண்டுச்சுன்னே தெரியல. தெருமுக்குல இருந்து வெறுங்கால்ல கல்லுலயும் மண்ணுலயும் நடந்து வந்திருக்கேன், எனக்குத் தெரியல."

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. என்னிடமும் சொன்னதில்லை. சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கு இது பழகிய கதைதான், கால் நரம்பு மரத்துப்போனதற்கான அடையாளம். எத்தனையோ முறை டாக்டரிடம் போயிருக்கிறோம், கால் எரிச்சல் இருக்கா, மதமதப்பு இருக்கா என்று அவரும் கேட்டிருக்கிறார், இவளும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறாள். சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்த இடத்தில் யார் சொல்வார்கள்?

சிஸ்டர் "பாத்தீங்களா" என்று சொல்லவில்லை. "அது உங்களை ரொம்ப யோசிக்க வச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அத்தை உண்மையான காரணத்துக்கு வந்தாள். "எங்க மாமியா கடைசியில சுவத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தா. ஒண்ணுக்குப் போகணும்னாலும் நான் வரணும். நான் ஒண்ணும் முகஞ்சுளிச்சதில்ல, ஆனா அவளுக்கு அது எவ்வளவு அவமானமா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். மருமக கைய எதிர்பாத்து நான் அப்படிக் கிடக்க மாட்டேன்." பேரப் பிள்ளை, ஆயுசு, கண்பார்வை, சிறுநீரகம் என்று நாங்கள் இத்தனை வருஷம் அவளுக்காக அடுக்கிய காரணங்களில் இது இல்லவே இல்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம். இதில் உங்களால் எது முடியும் என்று தோன்றுகிறது என்று கேட்டார். அத்தை டயட் சார்ட்டில் இருந்த ராத்திரி இரண்டு சப்பாத்தியைத் தொடவே இல்லை. "எல்லாரும் தின்னது போக மீந்த சோத்தை நான்தான் ராத்திரி திங்கேன், கொட்ட மனசு வரமாட்டேங்கு. அதனால உலையில போடும்போதே ஒரு டம்ளர் அரிசியக் குறைச்சிடுதேன், மிஞ்சவே மிஞ்சாது" என்றாள். எந்த உணவியல் நிபுணரும் எழுதியிருக்க முடியாத சார்ட் இது, ஏனென்றால் அத்தையின் சுகர் ஏறும் இடம் தட்டு இல்லை, ராத்திரி பத்தரை மணிக்குச் சோற்றுப் பானையின் அடி. சென்னையில் நடந்த ஆய்வில் நகரவாசிகளின் அன்றாடக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளைச் சோற்றிலிருந்து வருகிறது என்று கண்டார்கள். அந்தச் சோறு யார் வயிற்றுக்கு எந்த நேரத்தில் எந்தக் காரணத்துக்காகப் போகிறது என்பதை அத்தை மாதிரி ஆட்கள்தான் சொல்ல முடியும். கடைசியாக சிஸ்டர், "நான் ஒரு விஷயம் சொல்லலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, தினம் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைக் கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் விடுங்கள், காலுக்குத் தெரியாததைக் கண் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். டாக்டர் அறையில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் அழுத்திப் பார்த்தார்கள். இரண்டு மூன்று இடங்களில் அத்தைக்குத் தெரியவில்லை.

குடிகாரர்களிடம் கற்ற பாடம்

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இது அந்தப் பெண்ணின் சாமர்த்தியம் மட்டும் இல்லை, இதற்குப் பின்னால் ஒரு முறையே இருக்கிறது, மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் நார்வேயின் பெர்கன் நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, குடிநோய் சிகிச்சையில் இருந்த அங்குள்ள இளம் உளவியலாளர்கள் அவரை நடித்துக் காட்டச் சொல்லி, நடுநடுவே நிறுத்தி, ஏன் இதைக் கேட்டீர்கள், ஏன் அதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று குடைந்திருக்கிறார்கள். பதில் சொல்லப் போய்த்தான் தன் கையில் ஒரு முறை இருப்பதே அவருக்குப் புரிந்தது. 1983இல் கட்டுரையாக எழுதினார், பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர்ந்துகொண்டு அதை மற்ற நோய்களுக்கும் கொண்டுபோனார்கள். மில்லரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஒரு ஆய்வு என்னை உலுக்கிவிட்டது. சிகிச்சை தருபவர் எவ்வளவுக்கு எவ்வளவு எதிர்த்து, மடக்கிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அந்த ஆள் ஒரு வருஷம் கழித்தும் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சுகர்காரரின் மனதில் இரண்டு கட்சிகள் எப்போதும் இருக்கின்றன, குறைக்க வேண்டும் என்று ஒன்று, இப்போது முடியாது என்று ஒன்று. நாம் போய் முதல் கட்சிக்காக வாதாடினால் அவருக்கு மிச்சமிருப்பது இரண்டாவது கட்சிதானே, அதற்கு வக்கீலாகிவிடுகிறார். நாம் வாயை மூடிக்கொண்டு சரியான கேள்வியைக் கேட்டால் அவரே முதல் கட்சிக்காகப் பேசுகிறார், தன் வாயிலிருந்து வந்ததை மனிதன் கொஞ்சம் நம்பவும் செய்கிறான். மேடையில் மைக்கைப் பிடித்து உங்களால் முடியும் என்று முழங்குகிற தன்னம்பிக்கைப் பேச்சுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே அதிகம் பேச வேண்டியவர் மேசையின் இந்தப் பக்கம் இருக்கும் நோயாளி.

சரி, இது எல்லாருக்கும் வேலை செய்கிறதா? அப்படிச் சொன்னால் நானும் சுகர் போய்விடும் என்று சிறுகுறிஞ்சான் பொடி விற்பவன் மாதிரி ஆகிவிடுவேன். அமெரிக்காவில் டைப் 2 சர்க்கரை நோயுள்ள 217 பெண்களிடம் செய்து 2007இல் வெளியான ஒரு ஆய்வில், எடை குறைப்புத் திட்டத்தோடு இந்த உரையாடலும் கிடைத்தவர்களுக்கு 18 மாத முடிவில் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தது, கிடைக்காதவர்களுக்கு 1.7 கிலோ. அதே ஆய்வில் கறுப்பினப் பெண்களுக்கு இந்தப் பலன் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. நெதர்லாந்தில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்து வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பார்த்தார்கள், ரத்த சர்க்கரையில் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. நம் ஊரிலேயே, டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு செய்து 2006இல் வெளியிட்ட தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வாழ்க்கைமுறை ஆலோசனையைத் தொடர்ந்து கொடுத்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் மூணு வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது, ஆலோசனை கிடைத்தவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மட்டும் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். 2013இல் வந்த இன்னொரு ஆய்வில் அதே குழு, ஒருவர் மாறத் தயாராக இருக்கிறாரா, யோசித்துக்கொண்டிருக்கிறாரா, ஆரம்பித்துவிட்டாரா என்பதற்கு ஏற்ற மாதிரி குறுஞ்செய்தி அனுப்பியது. இரண்டு வருஷத்தில் செய்தி வந்தவர்களில் 18 சதவீதம், வராதவர்களில் 27 சதவீதம் பேர் நோயாளி ஆனார்கள். ஆக, பேச்சுக்குப் பலன் உண்டு, ஆனால் என்ன பேசுகிறோம், ஆள் எந்த இடத்தில் நிற்கும்போது பேசுகிறோம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும்.

அடுப்படி யாருடையது

எனக்கு இந்த முறையோடு ஒரு சண்டையும் உண்டு. இது தனி மனிதனை நினைத்துச் செய்யப்பட்டது. நீ யோசி, நீ முடிவெடு, நீ செய். நம் வீடுகளில் சுகர் ஒருவருக்கு, அடுப்படி இன்னொருவருக்கு. ஆண் நோயாளி "நாலு" என்று சொல்லிவிட்டு வந்தால் அதை ஆறாக்க வேண்டியது பெரும்பாலும் அவர் மனைவி, அவர் இனி இரண்டு வகையாகச் சமைக்க வேண்டும். பெண் நோயாளி என்றால் தனக்கென்று தனியாகக் கொஞ்சம் காய் வதக்கிக்கொள்வதையே பெரிய ஆடம்பரமாக நினைப்பாள், கடைசியில் சாப்பிடுவதும் மீந்ததைத் தீர்ப்பதும்தான் அவள் பங்கு. அடுத்த முறை போனபோது சிஸ்டர், மருமகளையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார். அத்தை முகம் மாறிவிட்டது. "அவளுக்கு எதுக்கு இதெல்லாம் தெரியணும்" என்று முடித்துக்கொண்டாள். யாரை எதிர்பார்த்துக் கிடக்கக் கூடாது என்பதற்காக இவள் சோற்றைக் குறைத்தாளோ அவளையே உதவிக்குக் கூப்பிடச் சொன்னால் எப்படி? எனக்கு அத்தை பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றியது, ஆனால் அரிசி குறைவது மருமகளுக்குத் தெரியாமலா இருக்கும். பிள்ளைகளுக்குப் போதவில்லை என்று ஒருநாள் சத்தம் வந்திருக்கிறது, அதன் பிறகு டம்ளர் கணக்கு அரை டம்ளராகச் சமரசம் ஆகியிருக்கிறது.

மூணு மாத சுகர் 9.4இலிருந்து 8.3க்கு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் எட்டுக்கு மேலதானே இருக்கு" என்று மாத்திரையைக் கூட்டினார். மருத்துவக் கணக்குப்படி அவர் சொன்னது சரிதான், மாத்திரையும் தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. உலகம் முழுக்க டாக்டர்கள் நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று 2017இல் ஒரு தொகுப்பு வந்தது, சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. வெளியே பெஞ்ச் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டு நிமிடத்தில் செருப்புக் கதை கேட்க முடியாது. கேட்கக்கூடிய ஆள் என்று எனக்குத் தோன்றுவது அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வருகிற பெண்கள்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரைப் பையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள், அதே தெருக்காரர்கள், எந்த வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா என்ற கேள்வியோடு இந்தப் பூஜ்யம் முதல் பத்து விளையாட்டையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன என்று யோசிக்கிறேன். கூடவே நேரமும் சம்பளமும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் நிரப்ப வேண்டிய இன்னொரு படிவமாகிவிடும்.

கொடுப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, ஏனென்றால் பேச்சுக்கு நம் ஊரில் விலை கிடையாது. ரத்தப் பரிசோதனைக்கு ரேட் உண்டு, மாத்திரைக்கு உண்டு, பில்லில் எழுத முடியும். உட்கார்ந்து கேட்டதற்குக் காசு என்றால் நாமே கொடுக்க யோசிப்போம். நாங்கள் போகிற கிளினிக்கில் அந்தக் கவுன்சிலிங் அறை இப்போது ரத்தம் எடுக்கிற இடமாகிவிட்டது, சிஸ்டரை மருந்துக் கவுன்ட்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். போன தடவை அத்தை மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டே அவரிடம், இப்போது ராத்திரி தோசைதான், ஆனால் ரெண்டோடு நிற்பதில்லை என்று ஆரம்பித்தாள். பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம் வாங்கிட்டு நகருங்கம்மா" என்றார். அத்தை திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு எவ்வளவுய்யா இருக்கு?" என்று கேட்டாள். முந்நூத்திப் பத்து என்றார் அவர். இரண்டு பேரும் அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.